தாளில் இல்லாத இலை

ஹுர்ஷித்தின் நெஞ்சுக்குள் ஒரு உலோகக் கதவு இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் திராப்ஸோன் பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் பிளந்து, கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டு அதை வைத்துத் தைத்து அனுப்பினார்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் கைக்கடிகாரம் மாதிரி சத்தம் கேட்கும். முதல் மாதம் அந்தச் சத்தத்தில் அவர் மனைவி நஸ்மியேவுக்குத் தூக்கம் வரவில்லை. பிறகு அது கேட்காவிட்டால் தூக்கம் வரவில்லை. அறுபது வயசை நெருங்கும்போது புருஷன்மேல் இப்படி ஒட்டுதல் வரும் என்று அவளே நினைத்ததில்லை, ஊரும் நினைத்ததில்லை. கல்யாணமான நாள்முதல் அவர்கள் போட்ட சண்டை எங்கள் மலைச்சரிவு முழுக்கக் கேட்டதுதான்.

அந்தக் கதவில் இரத்தம் கட்டாமல் இருக்க தினமும் மாத்திரை. மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்க்க மாதம் ஒருமுறை கீழே நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் கொடுக்க வேண்டும். ஒரு எண் வரும். இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் இருந்தால் நல்லது. குறைந்தால் இரத்தம் கட்டி மூளைக்கு ஏறிவிடும். கூடினால் என்ன ஆகும் என்றும் டாக்டர் சொல்லத்தான் சொன்னார். ஆனால் ஹுர்ஷித்துக்கு ஒருநாளும் கூடியதில்லை. வராத ஆபத்தை யார் மனசில் வைத்துக்கொள்கிறார்கள்?

கையில் ஒரு தாளும் கொடுத்தார்கள். மேலே பொடி எழுத்தில் நாலு வரி, கீழே வண்ணப் படங்கள். நஸ்மியேவுக்கு வாசிக்கத் தெரியும், ஆனால் கண்ணாடியைத் தேடி எடுக்க வேண்டும். படத்துக்குக் கண்ணாடி எதற்கு? பசலைக்கீரை, பார்ஸ்லி, சாலட் இலை, ப்ரோக்கோலி, உருண்டையான வெள்ளை முட்டைக்கோஸ். இதெல்லாம் இரத்தத்தைக் கட்டவைக்கும், ஜாக்கிரதை. தாளைக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டினாள், அன்றோடு அந்த ஐந்தும் வீட்டை விட்டுப் போயின. மீன்மேல் தூவும் பார்ஸ்லிகூடப் போயிற்று. ப்ரோக்கோலியை ஹுர்ஷித் பிறந்ததிலிருந்து வாயில் வைத்ததில்லை. அதையும் துறந்துவிட்டதாகக் காப்பிக் கடையில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமூச்சு விட்டார்.

தாளில் கருங்கோசு இல்லை. அந்தத் தாளை எழுதியவன் எங்கள் பக்கத்து ஆளாக இருந்தால் முதல் படமே அதுவாகத்தான் இருந்திருக்கும். உருண்டு திரளாமல், முழங்கால் உயரத் தண்டில் விரிந்தே நிற்கும் கரும்பச்சை இலை. மலையேறி வந்தால் வீடு கண்ணில் படுவதற்கு முன்னால் அதுதான் படும். காலையில் மக்காச்சோள மாவு போட்டு அதில் கஞ்சி. மத்தியானம் அரிசியும் கறியும் வைத்துச் சுருட்டி வேகவைத்தது. ராத்திரி பீன்ஸோடு சேர்த்து மசித்தது. நாங்கள் அதை ஒரு காய்கறி என்று கணக்கில் எடுப்பதே இல்லை. இன்றைக்கு என்ன சமைத்தாய் என்று கேட்டால், ஒன்றுமில்லை, கருங்கோசுதான் என்போம். நஸ்மியேவின் தோட்டத்து இலைக்கு மூன்று ஊரில் பேர் உண்டு. அம்மா வீட்டிலிருந்து தலைத்துணி முடிச்சில் கொண்டுவந்த விதை அது. வருஷாவருஷம் நல்ல செடியாக மூன்றைப் பறிக்காமல் விட்டு, மஞ்சளாய்ப் பூக்கவைத்து விதை எடுப்பாள். ஹுர்ஷித் ஒரு தட்டை வழித்துவிட்டு நிமிராமலே தட்டை நீட்டுவார். "இன்னும் கொஞ்சம் போடு." முப்பத்தைந்து வருஷமாக அவர் அவளைப் புகழ்ந்தது அந்த ஒரே வார்த்தையில்தான்.

டாக்டர் கொன்யா நகரத்துப் பக்கத்து ஆள், இளவயசு, சமவெளியில் வளர்ந்தவர். மாதாமாதம் கேட்பார், கீரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று. ஹுர்ஷித் மார்பில் கைவைத்துச் சொல்வார், பார்ஸ்லியை மோந்துகூடப் பார்ப்பதில்லை என்று. பொய்யில்லை. எண் மட்டும் ஒன்று புள்ளி ஏழுக்கு மேல் ஏறவே இல்லை. டாக்டர் மாத்திரையை ஒன்றரை ஆக்கினார், பிறகு இரண்டு ஆக்கினார். கடைசியாகப் போனபோது எண் ஒன்று புள்ளி ஆறு. டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது.

"மாத்திரைய நீங்க முழுங்கறீங்களா, மாட்டுக்குப் போடறீங்களா?"

"மாட்டுக்கு நெஞ்சு நல்லாத்தான் இருக்கு டாக்டர்" என்றார் ஹுர்ஷித்.

டாக்டர் சிரிக்கவில்லை. தினம் இரண்டரை என்று எழுதினார், பத்து நாளில் திரும்ப வரச் சொன்னார். ஹுர்ஷித் சட்டையை மாட்டிக்கொண்டிருக்கும்போது நஸ்மியேவைக் கதவோரம் கூப்பிட்டார். "இது இப்படியே இருந்தா பெரியம்மா, ஒருநாள் காலைல வாய் கோணிக்கிட்டு எந்திரிப்பாரு. எந்திரிச்சா." வண்டியில் ஏறி வீடு வரும்வரை அவள் அவரோடு சண்டைகூடப் போடவில்லை. ஹுர்ஷித்துக்கு அதுவே பயமாகப் போயிற்று.

இரண்டு நாள் கழித்து ஒரு ஆள் தோட்டத்து வேலிக்கு வெளியே நின்று கூப்பிட்டார். பேர் ஜெவ்தெத், விதைகளைச் சேகரித்துப் பத்திரப்படுத்துகிற அரசாங்க ஆள். நாற்பது வயசிருக்கும், சேறு படிந்த பூட்ஸ். மூன்று ஊரிலும் இவள் தோட்டத்தைத்தான் கைகாட்டினார்களாம். நஸ்மியேவுக்குப் பெருமை பிடிபடவில்லை. தேநீர் ஊற்றினாள், போன வருஷத்து விதையைச் சின்னக் குடுவையோடு கொண்டுவந்து வைத்தாள். ஹுர்ஷித் காப்பிக் கடைக்குப் போயிருந்தார்.

ஜெவ்தெத் பேசத் தெரிந்த மனுஷன். இந்தச் செடியின் முப்பாட்டன் கடலோரப் பாறை இடுக்கில் உப்புக்காற்றைக் குடித்து முளைத்த காட்டுச் செடி என்றார். யாரோ அதைப் பறித்துத் தின்றார்கள், கசந்தது, ஆனாலும் விடவில்லை. ஒரு ஊரில் இலை பெருத்த செடியாகப் பார்த்து விதை எடுத்தார்கள். இன்னொரு ஊரில் மொட்டு பெருத்ததை, வேறொரு ஊரில் தண்டு பருத்ததை. இப்படிப் பல நூறு வருஷம் பொறுக்கிப் பொறுக்கி எடுத்ததில் ஒரே செடி பத்து விதமாகப் பிரிந்துபோயிற்று. அவர் சொல்வதைக் கேட்டால் நம் வீட்டுச் சங்கதி மாதிரி இருக்கும்.

"ஒங்க இலைதான் அக்கா மூத்த பொண்ணு. அந்த உருண்ட வெள்ளக் கோசு, பூக்கோசு, ப்ரோக்கோலி எல்லாம் பின்னாடி பொறந்த தங்கச்சிங்க."

நஸ்மியே தேநீர்க் குவளையைக் கீழே வைத்தாள். "அந்த உருண்டக் கோசும் இதுவும் ஒண்ணா?"

"ஒரே ரத்தம். ஆனா ஒங்களோடதுல சத்து ரொம்ப ஜாஸ்தி. வெயில் எல்லா இலையிலயும் படுதில்ல?" என்று ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொன்னார். கண்ணுக்கு நல்லது, எலும்புக்கு நல்லது, குடலுக்கு நல்லது. புற்றுநோய்க்குக்கூட இதை வைத்து ஆராய்ச்சி நடக்கிறது. அப்புறம், அவளைச் சந்தோஷப்படுத்துகிறோம் என்று நினைத்துக்கொண்டு, இதையும் சொன்னார்: "ரத்தம் கட்டறதுக்கு ஒரு சத்து இருக்கு பாருங்க, அது வெள்ளக் கோச விட இதுல நாலஞ்சு மடங்கு. தேயிலை வெட்டும்போது கத்திரி பட்டா ஒங்க ஊர்ல ரத்தம் சட்டுன்னு நிக்குதுன்னா, இந்த இலைக்கும் அதுல பங்கு உண்டு."

அந்த மனுஷன் மேல் குற்றமில்லை. அவருக்கு என்ன தெரியும்? விதையை உறையில் போட்டு, அவள் பேரை எழுதி, சலாம் சொல்லிப் போனார். நஸ்மியே குளிர்பெட்டிக் கதவுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். படத்திலிருந்த வெள்ளைக் கோசைப் பார்த்தாள். அதன் அக்காவைத் தினம் மூன்று வேளை, இரண்டு வருஷமாக, தன் கையாலேயே அவர் தட்டில் போட்டிருக்கிறாள். போதாதென்று இன்னும் கொஞ்சமும் போட்டிருக்கிறாள். அட பாவி மகளே என்று தன்னையே வாய்விட்டுத் திட்டிக்கொண்டாள்.

அன்று மத்தியானமே தோட்டத்தில் இறங்கினாள். நாற்பது செடிக்கு மேல் இருக்கும். இலையைப் பறித்தால் திரும்பத் துளிர்க்கும், துளிர்த்தால் அவர் பறிப்பார். வேரோடு பிடுங்கினாள். விதைக்கென்று விட்டிருந்த மூன்றையும் பிடுங்கினாள். அந்த மூன்றுக்கு மட்டும் கொஞ்சம் அழுதாள். எல்லாவற்றையும் வாரி மாட்டுக்குப் போட்டுவிட்டு நிமிரும்போது ஹுர்ஷித் வேலியோரம் நின்றுகொண்டிருந்தார்.

"யாரு செத்துட்டா?" என்றார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மாட்டைப் பார்த்தார், வெறும் மண்ணைப் பார்த்தார். அந்த மாட்டுக்கு நல்ல காலம் என்றார். பிறகு, டாக்டரிடம் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடலாமே என்றார். விளையாட்டாகவே பேசுகிறவர் வாயிலிருந்து வந்த நல்ல வார்த்தை, அதை அவள் கேட்டிருக்கலாம். ஆனால் இரண்டு வருஷமாக, கீரையா, ஐயோ கிட்டவே போவதில்லை என்று அந்த டாக்டரின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு போன் போடுவது? மாட்டுக்குப் போடுகிறீர்களா என்று கேட்டவர் இனி என்னென்ன கேட்பாரோ?

"பத்தாம் நாள் நல்ல நம்பரா வரட்டும். அப்பறம் நானே சொல்றேன்" என்றாள்.

அப்படித்தான் அந்தப் பத்து நாளில் மிச்சமிருந்த எட்டும் ஓட ஆரம்பித்தன. மாத்திரை இரண்டரை, இலை சூனியம். ஹுர்ஷித் மக்காச்சோள ரொட்டியும் பீன்ஸும் பொரித்த நெத்திலியும் தின்றார். மூன்றாம் நாள் தட்டை நீட்டவே மறந்துபோனார். ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டு காஸிமிடம் போய், ஒரே ஒரு கிண்ணம் கருங்கோசுக் கஞ்சி கொடு, உன் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும் என்று கெஞ்சியிருக்கிறார். தகவல் நஸ்மியேவுக்கு வந்தது. நேரே காஸிம் வீட்டு வாசலில் போய் நின்றாள், அவர் ஒரு வாய் தின்று ஏதாவது ஆனால் அந்தப் பழி உங்கள் தலையில்தான் என்றாள். விஷயம் சரிவு முழுக்கப் பரவிற்று. ஹுர்ஷித் தலையைக் கண்டால் பெண்கள் பானையை மூடினார்கள். எல்லோரும் சேர்ந்துதான் அவரைக் காப்பாற்றினோம், அப்படித்தான் நினைத்தோம்.

எட்டாம் நாள் மழை பிடித்தது. ஒன்பதாம் நாள் பாலத்துக்கு மேலே மலை சரிந்து சாலையைத் தின்றுவிட்டது. வருஷத்துக்கு இரண்டு தடவை சரியும், இயந்திரம் வந்து மண்ணை அள்ள ஒரு வாரம் ஆகும். பத்தாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை. நஸ்மியேவுக்கு உள்ளூர நிம்மதி. இலை இல்லாத நாள் இன்னும் நாலு கூடினால் எண் இன்னும் அழகாக வருமே.

இதற்குள் அவர் தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாரித்திருந்தது. விறகு இடித்தது என்றார். காலையில் தலையணையில் ஈறு கசிந்த கறை இருந்தது. அதைத் துவைக்கும்போது நஸ்மியே சந்தோஷப்பட்டாள். இதை மறைப்பானேன், சந்தோஷம்தான் பட்டாள். கட்டிக் கிடந்த இரத்தம் இளகி ஓடுகிறது, டாக்டர் கேட்டது இதைத்தானே என்று தோன்றிற்று. தலையணை உறையைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே வந்து அவர் நெஞ்சருகே காதை வைத்துக் கேட்டாள். டிக் டிக் என்று நன்றாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது.

பதின்மூன்றாம் நாள் காலை ஹுர்ஷித் தலை வெடிக்கிறது என்றார். வாந்தி எடுத்தார். தேநீர்க் குவளை வலது கையிலிருந்து நழுவி விழுந்தது, அவர் அதைக் குனிந்து பார்த்தார், ஆனால் எடுக்கவில்லை. நிமிர்ந்தபோது வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. என்னமோ சொன்னார், அதில் வார்த்தை இல்லை. நஸ்மியே ஓடிப்போய் அவரைத் தாங்கிப் பிடித்தாள். டாக்டர் சொன்னது அப்படியே நடக்கிறது, இலையின் மிச்சம் உள்ளே இருந்து கட்டிவிட்டது என்றுதான் நினைத்தாள்.

ஆம்புலன்ஸ் சரிவுக்கு அந்தப் பக்கம்தான் வர முடியும். காஸிம் தன் கம்பிக்கூடையை அவிழ்த்தார். தேயிலை மூட்டையைக் கம்பியில் தொங்கவிட்டு, மோட்டாரால் பள்ளத்தாக்குக்கு மேலாகச் சாலைக்கு அனுப்புகிற இரும்புக் கூடை. மனுஷர் ஏறக்கூடாது, ஏறாத வீடும் கிடையாது. ஹுர்ஷித்தைக் கம்பளியில் சுருட்டி, தேயிலை கட்டும் துணியால் கூடையோடு சேர்த்துக் கட்டினார்கள். நஸ்மியே கூடையின் விளிம்பைப் பிடித்தபடி தானும் ஏறப் பார்த்தாள். "ரெண்டு பேர கம்பி தாங்காது அக்கா, விடுங்க" என்றார் காஸிம். அவள் விடவில்லை. காஸிமின் மனைவிதான் விரல் விரலாகப் பிரித்தாள்.

மோட்டார் உறுமிற்று. கூடை மழைக்குள் இறங்கிப் போனது. ஒற்றை ஆளாக அவரை அவள் வெளியூருக்கு அனுப்பியதில்லை, பட்டாளத்துக்குப் போனதுகூடக் கல்யாணத்துக்கு முன்னால். கம்பியின் ஆட்டம் நின்று, எதிர்ப்புறத்தில் ஆள்கள் கையசைத்ததும் அவளும் கண்மண் தெரியாமல் சரிந்த மண்ணில் இறங்கி ஓடினாள். முழங்கால் வரை சேறு, ஒரு செருப்பு போயிற்று. அந்தப் பக்கம் கிடைத்த வண்டியில் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது மத்தியானம் ஆகிவிட்டது.

அதே கொன்யா டாக்டர். அவர் கண்ணைப் பார்க்கவே அவளுக்குப் பயம். "கட்டிக்கிச்சா டாக்டர்?" என்றாள்.

"இல்ல பெரியம்மா. மூளைக்குள்ள கசிஞ்சிருக்கு. நம்பர் ஒம்பதுக்கு மேல போயிருச்சு." அவர் அவளை நாற்காலியில் உட்காரவைத்தார். "என்ன மாத்தினீங்க? எதையாவது புதுசா குடுத்தீங்களா?"

புதிதாக எதுவும் கொடுக்கவில்லை, நிறுத்தினேன் என்றாள். கருங்கோசு, மூன்று வேளை, இரண்டு வருஷம், விதைக்காரர், மூத்த பெண்ணும் தங்கைகளும், மாடு, எல்லாவற்றையும் ஒப்பித்தாள். நல்ல பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல ஒன்றையும் விடாமல் சொன்னாள், பாதியில் அவர் முகம் மாறுவதைக் கண்டும் நிறுத்தத் தெரியவில்லை.

டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ரெண்டர மாத்திரை அந்த இலைக்கும் சேத்துப் போட்டது பெரியம்மா. எனக்குத் தெரியாமலே போட்டிருக்கேன். இலை இல்லாட்டி அவருக்கு ஒண்ணே போதும்." பிறகு, "நானும் ஒவ்வொரு இலை பேராச் சொல்லிக் கேட்டிருக்கணும்" என்றார்.

மேஜைமேல் அதே தாள் ஒரு கட்டு இருந்தது. அவள் ஒன்றை எடுத்து நீட்டி, மேலே அந்த நாலு வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். அவர் வாசிக்க மனமில்லாமல் வாசித்தார். இவற்றை நீங்கள் தினமும் சாப்பிடுகிறவராக இருந்தால் அதே அளவில் சாப்பிட்டு வாருங்கள். டாக்டரிடம் சொல்லாமல் கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

"அவ்வளவுதானா?" என்றாள் நஸ்மியே. அவ்வளவுதான் என்றார்.

உள்ளே ஹுர்ஷித் மல்லாந்து கிடந்தார். ஒரு கண் பாதி திறந்திருந்தது, ஆனால் அது அவளைப் பார்க்கிறதா என்று சொல்ல முடியவில்லை. சுற்றிலும் இயந்திரங்கள் கீச்சிட்டதில் நெஞ்சின் டிக் டிக் அவள் காதுக்கு எட்டவில்லை. காதைக் கிட்டே கொண்டுபோகப் பார்த்தாள், குழாய்கள் மறித்தன. ஒரு நர்ஸ் வந்து சின்னப் பை ஒன்றைக் கம்பத்தில் மாட்டினாள். எங்கள் பக்கத்துப் பெண்தான், பேச்சிலேயே தெரிந்தது. நஸ்மியே அது என்ன மருந்து என்று கேட்டாள்.

"ரத்தம் கட்டறதுக்குப் பெரியம்மா. வைட்டமின்தான், பயப்படாதீங்க. கீரைல இருக்குமே, நம்ம கருங்கோசுலகூட நெறய இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அவள் குழாயைச் சரிசெய்தாள். அவளுக்கும் ஒன்றும் தெரியாது.

நஸ்மியே பையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சொட்டுச் சொட்டாக இறங்கிற்று. தயிர்க் கிண்ணம் அளவுகூட இல்லாத பை. தோட்டத்தில் நாற்பது செடி நின்றிருந்தது. அவர் போன வீட்டிலெல்லாம் பானையை மூடவைத்திருந்தாள். பை முக்கால்வாசி தீர்ந்ததும் அவள் நர்ஸின் முழங்கையைத் தொட்டாள்.

"இன்னும் கொஞ்சம் போடும்மா" என்றாள். "அவருக்கு எப்பவும் ரெண்டாம் தடவ வேணும்."

"அளவு அவ்வளவுதான் பெரியம்மா" என்றாள் நர்ஸ். பை காலியானதும் கழற்றி எடுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.